சாவி யார் சட்டைப்பையில்?

பதுளைப் பக்கத்துத் தேயிலை இஸ்டோர்களில் கொழுந்து வாட்டும் விசிறிகள் மேல்மாடியில். மோட்டார் திருத்தப் போகும் உங்கள் கணவரோ மகனோ சுவிட்சை அணைத்துவிட்டு ஏறினால் போதுமா? கொழுந்து வந்து குவிந்த அவசரத்தில், மேலே ஆள் இருப்பது தெரியாமல் யாராவது போட்டுவிடலாம். அது 400 வோல்ட் மின்சாரம், சகோதரிகளே!

மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. எச்சரிக்கை அட்டை மட்டும் தொங்கவிடுவது வீண், யாரும் கழற்றலாம். அமெரிக்காவில் 1990 முதல் இதற்கென்றே விதி உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது? பூட்டியபின்னும் டெஸ்டரால் பார்த்தே கை வைக்கட்டும்.

பழைய சுவிட்சில் பூட்ட வழியில்லையா? அணைத்துவிட்டு, பியூஸ்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறச் சொல்லுங்கள்.