நம் வாசலில் நிற்பவர் யாருடைய ஆள்?

2014ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மனிதர் உலகத்தாரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவர் பெயர் ஈத்தன் சக்கர்மேன். அமெரிக்கக் கணினி வல்லுனர். நாம் இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்ததும், கேட்காமலேயே இன்னொரு சிறு சன்னல் குதித்து எழுந்து எதையாவது வாங்கச் சொல்கிறதல்லவா? பாப்-அப் எனப்படும் அந்த விளம்பரத்திற்கான நிரலை 1990களில் டிரைபாட் என்ற நிறுவனத்தில் பணியாற்றியபோது எழுதியவர் அவர். ஒரு கார் நிறுவனம், தன் விளம்பரம் தகாத பக்கம் ஒன்றில் தோன்றியதைக் கண்டு கலங்கியதாம். பக்கத்தையும் விளம்பரத்தையும் பிரித்துக் காட்டுவதற்கே அந்தத் தனிச் சன்னல் உருவாக்கப்பட்டது.

'தி அட்லாண்டிக்' இதழில் வந்த அவருடைய கட்டுரையின் தலைப்பு, 'இணையத்தின் ஆதிப்பாவம்' என்ற பொருள் கொண்டது. குதித்தெழும் சன்னலை மட்டும் அவர் பாவம் என்று சொல்லவில்லை. இணையத்திற்கு விளம்பரமே வாழ்வாதாரம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்ததையும், அதனால் மக்களை ஓயாமல் கண்காணிக்க வேண்டிய நிலை வந்ததையும்தான் அவர் அப்படிக் குறிப்பிட்டார்.

அந்தத் தொடக்கத்திற்கு ஒரு நாளும் உண்டு. 1994ம் ஆண்டு அக்டோபர் 27ந் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் 'ஹாட்வயர்டு' என்ற இணைய இதழ் தொடங்கப்பட்டபோது, பக்கத்தின் மேல் ஒரு நீளமான பட்டை விளம்பரம் இருந்தது. ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனம் அதற்குப் பணம் கொடுத்திருந்தது. அதில் என்ன தவறு? நாளிதழ்களும் வார இதழ்களும் காலங்காலமாக விளம்பரத்தை நம்பித்தானே நடக்கின்றன என்று நாம் கேட்கலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். நாளிதழில் வரும் நகைக்கடை விளம்பரத்தை நாம் பார்க்கிறோம். அது நம்மைப் பார்ப்பதில்லை. எத்தனை நிமிடம் அந்தப் பக்கத்தில் நின்றோம், அதற்கு முன் எந்தச் செய்தியைப் படித்தோம், நேற்று எந்த நோயைப் பற்றித் தேடினோம் என்பதெல்லாம் அந்தத் தாளுக்குத் தெரியாது. இணைய விளம்பரத்தின் கதை வேறு. நாம் ஒரு செய்தித்தளத்தைத் திறக்கும்போது, செய்தி ஒரு கணினியிலிருந்து வருகிறது. விளம்பரமோ பெரும்பாலும் நமக்குப் பெயரே தெரியாத வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. விளம்பரத்தை அனுப்பும் அதே நொடியில், நாம் எந்த முகவரியிலிருந்து வருகிறோம், எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்பதை அந்த நிறுவனம் குறித்துக்கொள்ள முடிகிறது. 'குக்கீ' என்ற சிறு அடையாளச் சீட்டையும் நம் கணினியில் வைத்துவிடுகிறது. அடுத்த தளத்திலும் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், 'இவர் நேற்று வந்தவரே' என்று கண்டுகொள்கிறது.

1990களில் தொடங்கிய டபுள்கிளிக் என்ற நிறுவனம் இதில் முன்னோடி. பெயரும் வீட்டு முகவரியும் வைத்திருந்த அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கி, அந்தப் பெயர்களை இணைய நடமாட்டத்தோடு இணைக்க அது திட்டமிட்டது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் 2000ம் ஆண்டு மார்ச்சில் அத்திட்டத்தைக் கைவிட்டது. பின்னர் கூகுள் நிறுவனம் டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்கியது. 2008ம் ஆண்டில் அந்த விற்பனை முடிவடைந்தது. 2016ம் ஆண்டில் கூகுள் தன் கொள்கையை மாற்றி, பயனாளரின் கணக்கு விவரங்களையும் இந்த விளம்பரத் தடங்களையும் இணைக்க வழிசெய்தது. 2000ம் ஆண்டில் மக்கள் வேண்டாம் என்று தடுத்த ஒன்று, 16 ஆண்டுகள் கழித்துப் பெரிய சத்தமின்றி உள்ளே வந்துவிட்டது.

இதைத் தடுக்கச் சிலர் தொடக்கத்திலேயே ஒரு வழி கண்டார்கள். அதுதான் வடிகட்டும் பிராக்சி. பிராக்சி என்றால் பதிலாள். கடைக்கு நாமே போகாமல், நம்பிக்கையான ஒருவரிடம் பையைக் கொடுத்து அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவர் நாம் கேட்ட அரிசியையும் பருப்பையும் வாங்கி வருவார். கடைக்காரர் பையில் திணிக்கும் துண்டுப் பிரசுரங்களை வழியிலேயே எடுத்து எறிந்துவிடுவார். 'யார் வீட்டிலிருந்து வருகிறாய், வீட்டில் எத்தனை பேர்?' என்று கடைக்காரர் கேட்டால் பதில் சொல்லமாட்டார். நம் உலாவிக்கும் இணையத்திற்கும் நடுவே நின்று இந்த வேலையைச் செய்யும் மென்பொருளே வடிகட்டும் பிராக்சி.

1990களின் பிற்பகுதியில் 'இன்டர்நெட் ஜங்க்பஸ்டர்' என்ற பிராக்சி இலவசமாக வெளிவந்தது. அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். விண்டோஸ் கணினிகளுக்காக ஸ்காட் லெமன் என்பவர் 'பிராக்சோமிட்ரான்' என்பதை உருவாக்கினார். ஜங்க்பஸ்டரை அடிப்படையாகக் கொண்டு தன்னார்வலர்கள் 2001ம் ஆண்டு முதல் 'பிரிவாக்சி' என்பதை வளர்த்தெடுத்தார்கள். விளம்பரம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரங்கக் கட்டம் போன்ற ஒரு படத்தை அது வைத்துவிடும். எதைத் தடுத்தது, ஏன் தடுத்தது என்று நாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தவறும் நடந்தது. விளம்பரங்களைக் குறிக்கும் ஏ, டி, எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களைக் கண்ட இடமெல்லாம் தடுத்தால், 'டவுன்லோட்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். களையோடு பயிரும் போய்விடும். எனவே விதிவிலக்குப் பட்டியல்களைப் பொறுமையாக எழுத வேண்டியிருந்தது. ஆயினும் அந்தப் பட்டியல் நம் கணினியில், நம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அந்தப் பதிலாள் நம்முடைய ஆளாக இருந்தார்.

அன்பர்களே, இன்றைய அலசலின் மையம் இதுதான். வடிகட்டி வேண்டுமா வேண்டாமா என்பதோடு நம் கேள்வி முடிந்துவிடுவதில்லை. வாசலில் நிற்கும் அந்த ஆள் யாருக்காக நிற்கிறார் என்பதே பெரிய கேள்வி. அதற்கு மூன்று நிகழ்வுகளைப் பார்ப்போம்.

முதலாவது, சூப்பர்ஃபிஷ். 2014ம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் விற்ற சில மடிக்கணினிகளில் இந்த மென்பொருள் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தது. இதுவும் நடுவே நிற்கும் பதிலாள்தான். ஆனால் இது விளம்பரத்தை எடுக்கவில்லை, புகுத்தியது. பூட்டிய உறை போல் வரும் பாதுகாப்பான பக்கங்களையும் பிரித்துப் பார்த்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவியைப் பயன்படுத்தியதால், அந்தச் சாவியைக் கண்டுபிடித்த எவரும் வங்கித் தளம் போல் நடித்து ஏமாற்றக்கூடிய நிலை உருவானது. 2015ம் ஆண்டு பிப்ரவரியில் இது வெளிப்பட்டது. 2017ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் லெனோவோ உடன்பாட்டுக்கு வந்தது. கதவைக் காக்கும் அதே கருவி, கதவைத் திறந்துவிடவும் பயன்படும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, ஆட்பிளாக் பிளஸ். பிராக்சியை நிறுவுவது பலருக்குக் கடினமாக இருந்ததால், உலாவியிலேயே சேர்த்துக்கொள்ளும் வடிகட்டிகள் வந்தன. 2006ம் ஆண்டில் தோன்றிய ஆட்பிளாக் பிளஸ் கோடிக்கணக்கானோரின் கணினிகளை அடைந்தது. 2011ம் ஆண்டில், 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்ற பெயரில், தொந்தரவு குறைந்த விளம்பரங்களை அனுமதிக்கும் திட்டத்தை அது தொடங்கியது. எண்ணம் நியாயமானது போலத் தெரிந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் இடம்பெறப் பெரிய நிறுவனங்கள் கட்டணம் செலுத்தின. கூகுள், மைக்ரோசாப்ட், அமேசான் ஆகியவை பணம் கொடுத்ததாக 2015ம் ஆண்டில் ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் செய்தி வெளியிட்டது. பயனாளர் விரும்பினால் இந்த அனுமதியை நிறுத்தலாம் என்பது உண்மையே. ஆனால் அப்படியொரு அமைப்பு இருப்பதை எத்தனை பேர் தேடிப் பார்ப்பார்கள்? ஜெர்மனியின் ஆக்செல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. விளம்பரத்தைத் தடுப்பது முறையற்ற வணிகப் போட்டி ஆகாது என்று 2018ம் ஆண்டு ஏப்ரல் 19ந் தேதி அந்நாட்டின் உச்ச நிலை உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி தவறில்லை. ஆயினும் காவலாளி இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கினால் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

மூன்றாவது, உலாவியே. இன்று பெரும்பாலான இணையப் பக்கங்கள் குறியாக்கம் செய்யப்பட்டே வருகின்றன. இது நம் பாதுகாப்பிற்கு மிகவும் நல்லது. ஆனால் நடுவே நிற்கும் பழைய பிராக்சியால் மூடிய உறைக்குள் பார்க்க முடியாது. உறையின்மேல் எழுதியிருக்கும் தளத்தின் பெயரை மட்டுமே பார்க்க முடியும். எனவே வடிகட்டும் வேலை பெருமளவு உலாவிக்குள் போய்விட்டது. உலகில் மிக அதிகம் பேர் பயன்படுத்தும் குரோம் உலாவியை உருவாக்குவது கூகுள். அதன் தாய் நிறுவனமான ஆல்பபெட் 2023ம் ஆண்டில் ஈட்டிய ஏறத்தாழ 30,700 கோடி டாலர் வருவாயில் ஏறத்தாழ 23,800 கோடி டாலர் விளம்பரத்திலிருந்து வந்தது. அந்த உலாவி தன் விதிகளை மாற்றியது. முன்பு ஒவ்வொரு கோரிக்கையையும் வடிகட்டியே பார்த்து முடிவெடுக்கலாம். புதிய விதிப்படி, வடிகட்டி தன் பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், முடிவை உலாவி எடுக்கும். இதனால் ரேமண்ட் ஹில் என்பவர் உருவாக்கி, நன்கொடைகூட வாங்காமல் வழங்கிவரும் 'யூபிளாக் ஒரிஜின்' 2024, 2025 ஆண்டுகளில் குரோமில் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யப்பட்டது. பாதுகாப்பிற்காகவே இம்மாற்றம் என்று கூகுள் சொல்கிறது. எல்லாவற்றையும் பார்க்கும் வடிகட்டி தீயவர் கையில் ஆபத்தானது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால், விளம்பரத்தால் வாழும் ஒருவரே விளம்பரத்தைத் தடுக்கும் அளவையும் தீர்மானிக்கலாமா என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

இதைப் படிக்கும்போது நம் மனதில் இன்னொரு நெருடலும் எழ வேண்டும். நாம் இலவசமாகப் படிக்கும் செய்திக்குப் பின்னால் ஒரு நிருபரின் அலைச்சலும் ஓர் ஆசிரியரின் உழைப்பும் இருக்கின்றன. விளம்பரத்தை முற்றிலும் தடுத்துவிட்டு, சந்தாவும் கட்டாமல், எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போவது நேர்மையா? உழைத்தவருக்குக் கூலி உண்டு என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

அதே சமயம் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2016ம் ஆண்டு மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற மதிப்புமிக்க தளங்களில் வந்த விளம்பரங்கள் வழியாகவே, கணினியைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரல்கள் பரவின. அந்தத் தளங்களுக்கே தாங்கள் என்ன விளம்பரம் காட்டுகிறோம் என்பது தெரியாத அளவுக்கு இடைத்தரகர்கள் பெருகிவிட்டார்கள். 2022ம் ஆண்டு டிசம்பரில், தேடுபொறி விளம்பரங்களில் போலித் தளங்கள் நுழைவதைச் சுட்டிக்காட்டிய அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு மக்களுக்கு அறிவுறுத்தியது. ஆகவே, வடிகட்டி வைத்திருப்பவரைத் திருடர் போலப் பார்ப்பதும் சரியல்ல.

திருஅவையின் சமூகத் தொடர்புகளுக்கான திருப்பீட அவை, 1997ம் ஆண்டு பிப்ரவரி 22ந் தேதி விளம்பர நன்னெறி பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. விளம்பரத்தை அது ஒட்டுமொத்தமாகக் கண்டிக்கவில்லை. உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு ஆகிய மூன்று அளவுகோல்களை முன்வைத்தது. இன்று அந்த அளவுகோல்களை விளம்பரத்தின் வாசகத்தோடு நிறுத்திவிட முடியாது. விளம்பரத்திற்குப் பின்னால் நம்மைக் கண்காணிக்கும் ஏற்பாட்டுக்கும் அவை பொருந்தும். ஒரு மனிதரின் நோயையும் கடனையும் கவலையையும் அவருக்குத் தெரியாமல் குறித்து வைத்து விற்பது, அவரை மாண்புள்ள மனிதராக நடத்துவதாகுமா?

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? நாம் பயன்படுத்தும் வடிகட்டியை யார் உருவாக்குகிறார், அவருக்கு யார் பணம் கொடுக்கிறார் என்று ஒருமுறை விசாரிப்போம். நிரல் வெளிப்படையாக இருக்கும் வடிகட்டியைத் தேர்ந்துகொள்வோம். ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவியில் யூபிளாக் ஒரிஜினை இன்றும் முழுமையாகப் பயன்படுத்தலாம். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளைகள் இருந்தால், உள்ளங்கையளவு கணினி ஒன்றில் 'பை-ஹோல்' என்ற இலவச மென்பொருளை நிறுவி, வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே காவல் அமைக்கலாம். ஒளிக்காட்சியும் விளம்பரமும் ஒரே தளத்திலிருந்து வந்தால் அதனால் பிரிக்க முடியாது. ஆயினும் பெரும்பாலான ஒற்றர்களை அது வாசலிலேயே நிறுத்தும். முன்பின் தெரியாத 'இலவச' பிராக்சிகளை மட்டும் நம்ப வேண்டாம். நம் பையையும் பணத்தையும் தெருவில் போகும் யாரோ ஒருவரிடம் கொடுத்தனுப்பமாட்டோம் அல்லவா?

கூடவே, நாம் அன்றாடம் நம்பிப் படிக்கும் ஓர் இதழுக்காவது சந்தா கட்டுவோம். கண்ணியமாக விளம்பரம் காட்டும் தளத்திற்கு நம் வடிகட்டியில் நாமே அனுமதி கொடுப்போம். அந்த அனுமதியை நமக்காக வேறொருவர் விற்பதற்கும், நாமே மனமுவந்து கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு.

அன்பர்களே, இரவில் கதவைத் தாழிடுகிறோம் என்பதற்காக நாம் விருந்தினரை வெறுப்பவர்கள் ஆகிவிடுவதில்லை. யாரை உள்ளே அழைப்பது என்று வீட்டுக்காரரே முடிவு செய்கிறார், அவ்வளவுதான். இன்று மாலை கைபேசியைக் கையில் எடுக்கும்போது, நம் வாசலில் நிற்பவர் யாருடைய ஆள் என்று ஒரு நிமிடம் கேட்டுப் பார்ப்போம்.