திருடன் மந்திரவாதியா?

இண்டர்நெட் வழியாகப் பணம் பறிபோன சங்கதி வெளிவந்ததும் இரண்டு விதமான பேச்சுக் கிளம்புகிறது. "திருடன் மகா மாயாவி" என்பது ஒன்று. "நம் போறாத காலம்" என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே புரட்டு என்றுதான் நாம் சொல்லுவோம். முதலாவது திருடனைக் கடவுளாக்குகிறது. இரண்டாவது திருட்டைக் கடவுள் தலையில் கட்டுகிறது. காவலுக்குச் சம்பளம் வாங்கினவன் மாத்திரம் இரண்டிலும் தப்பித்துக்கொள்ளுகிறான்.

2016 பிப்ரவரியில் வங்க தேசத்து மத்திய வங்கிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். டாக்காவில் அதன் கம்ப்யூட்டருக்குள் புகுந்தவர்கள், வங்கியே எழுதுவதுபோல், நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 உத்தரவுகள் அனுப்பினார்கள். கேட்ட தொகை 95 கோடி டாலர். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது; பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் மறைந்தது. அது யார் பணம்? துணி தைக்கும் பெண்களும், கடல் கடந்து போன கூலிகளும் உழைத்து நாட்டுக்குச் சேர்த்த பணமல்லவா?

இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? வேலை கேட்டு எழுதியதுபோல் வந்த ஈமெயிலை யாரோ திறந்தார்கள், அதுவே வாசற்படி. வங்கியில் ஃபயர்வால் என்னும் காப்பே இல்லை, 10 டாலர் பெறும் பழைய கருவிகளே இருந்தன என்று விசாரித்த போலீஸ் அதிகாரி சொன்னார். மறுநாள் உத்தரவுகளை அச்சடிக்கும் பிரிண்டர் நின்றிருந்தது. வழக்கமான கோளாறு என்று விட்டுவிட்டார்கள். வெள்ளி டாக்காவில் லீவு; சனி, ஞாயிறு நியூயார்க்கில் லீவு; திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு. சோதிடன் பஞ்சாங்கம் பார்த்தான் என்றால், திருடன் லீவுப் பட்டியல் பார்த்தான். அவ்வளவுதான் அவன் சித்து! சங்கதி தெரிந்த பிறகும் வங்கியார் நிதி மந்திரிக்குச் சொல்லவில்லை. அவர் பத்திரிகை பார்த்தே தெரிந்துகொண்டார். கவர்னர் மார்ச் 15-ல் ராஜிநாமாச் செய்தார்.

இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் திரும்பியது. எந்தக் கிரகத்தின் தயவினால்? பெறுவோர் பெயரில் "ஃபவுண்டேஷன்" என்னும் சொல் பிழையாயிருந்தது, இடையிலிருந்த வங்கி, "இது சரிதானா?" என்று கேட்டது. அந்த ஒரு கேள்விதான் 2 கோடியைக் காப்பாற்றியது.

நம் ஊர் ஆபீசுகளின் யோக்கியதை என்ன? ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் அப்புகிறோம்; பாஸ்வேர்டை அதன் நெற்றியிலேயே எழுதி ஒட்டுகிறோம். சாமி காக்குமென்றால் கோயில் உண்டியலுக்குப் பூட்டு எதற்கு? அர்ச்சகருக்கே தெரிந்த இந்த உண்மை நமது குமாஸ்தாவுக்குத் தெரியவேண்டாமா? மேலதிகாரி பெயரில் உத்தரவு வந்தால், "பெரியவர் சொல்லிவிட்டார்" என்று பணம் அனுப்புகிறான். ஏன் என்று கேட்கிறவனுக்கோ "அதிகப்பிரசங்கி" என்ற பட்டம்! வேதம் சொன்னது, முன்னோர் சொன்னார் என்று ஆயிரக்கணக்கான வருஷங்களாகத் தலையாட்டப் பழக்கப்படுத்தினார்களே, அந்தப் பழக்கந்தான் மோசக்காரனுக்கு முதல்.

ஆகவே தோழர்களே, உங்கள் கூட்டுறவுச் சங்கத்திலும் பள்ளிக்கூடத்திலும் எழுந்து நின்று கேளுங்கள். பெரிய தொகைக்கு இரண்டு பேர் கையொப்பம் உண்டா? புதுக் கணக்குக்குப் பணம் அனுப்புமுன், நமக்கு முன்பே தெரிந்த எண்ணில் கூப்பிட்டு விசாரிக்கிறார்களா? மோசம் போனால் மூடி மறைக்காமல் உடனே 1930-க்குத் தெரிவிப்பார்களா? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்பவன், திருடனுக்கு வாயிற்காப்போன் என்பதே நமது அபிப்பிராயம்.