தொழில் தெரிந்தவர் எல்லோரும் தொழில் கற்பிக்க முடியுமா?

பிளசன்டன் என்றதும் எம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது மென்பொருள் நிறுவனங்கள்தான். வேர்க்டே நிறுவனத்தின் தலைமையகம் இங்கே இருக்கிறது. விரிகுடாப் பகுதியின் கிழக்கே, குன்றுகளுக்கு அப்பால் உள்ள இந்த நகரில் வேலை விசாவில் வந்த தமிழகக் குடும்பங்கள் அதிகம். போரால் துரத்தப்பட்டு வந்த எமது குடும்பங்கள் குறைவு. ஆனாலும் எம்மவருக்குப் பயன்படக்கூடிய ஒரு கதவு இங்கே திறந்திருக்கிறது. எமது ஒன்றுகூடல்களில் இதுபற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறோம்.

கலிபோர்னியாவின் பொதுப் பாடசாலைகளில் கணிதமோ வரலாறோ கற்பிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். தொழிற்பாடம் கற்பிக்க அது கட்டாயமில்லை. வாகனம், கட்டுமானம், சுகாதாரம், தகவல் தொழில்நுட்பம், சமையல் விருந்தோம்பல் என 15 தொழில்துறைகளை மாநிலம் வகுத்திருக்கிறது. அவற்றில் ஒன்றில் 3 ஆண்டு வேலை அனுபவமும், உயர்நிலைப் பாடசாலையை முடித்த சான்றும் அல்லது அதற்கு இணையானதும் இருந்தால் ஆசிரியர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ஓராண்டு அனுபவம் என்பது குறைந்தது 1,000 மணி நேரம். அதில் ஓராண்டாவது கடந்த 5 ஆண்டுகளுக்குள், அல்லது 2 ஆண்டுகள் கடந்த 10 ஆண்டுகளுக்குள் இருக்கவேண்டும். கைரேகைச் சோதனையும் உண்டு. முதலில் கிடைக்கும் தற்காலிகச் சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். அந்தக் காலத்துக்குள் கற்பித்துக்கொண்டே கற்பித்தல் பயிற்சியையும் முடிக்கவேண்டும். இந்தச் சான்றிதழுடன் வளர்ந்தோருக்கான தொழில் வகுப்புகளையும் நடத்தலாம்.

பிளசன்டன் பாடசாலை மாவட்டத்துக்கென்று ஒரு வளர்ந்தோர் பாடசாலை இருக்கிறது. டப்ளின், லிவர்மோர், பிளசன்டன் மூன்றுக்கும் பொதுவான தொழிற்கல்வி அமைப்பும், லிவர்மோரில் லாஸ் பொசித்தாஸ் சமூகக் கல்லூரியும் உள்ளன. சமூகக் கல்லூரிகளுக்கு விதி வேறு. பல தொழிற்பாடங்களுக்கு இளமாணிப் பட்டத்துடன் 2 ஆண்டு அனுபவம், அல்லது ஈராண்டுக் கல்லூரிப் பட்டத்துடன் 6 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள்.

இது எமக்கு ஏன் முக்கியம்? சாதாரண தரம் எழுதிய கையோடு இடம்பெயர்ந்து, கொழும்பில் சில காலம், வேறொரு நாட்டில் சில காலம் என்று அலைந்து இங்கே வந்து பதினைந்து வருடமாக கராஜில் வேலை செய்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தன்னைப் படிக்காதவன் என்றே சொல்லிக்கொள்வார். எமது சமூகமும் அப்படித்தான் சொல்கிறது. கலிபோர்னியாவின் விதிகள் அவரை ஆசிரியராகக்கூடியவர் என்கின்றன. பழைய சான்றிதழ்கள் எரிந்தோ தொலைந்தோ போயிருந்தால், உயர்நிலைக் கல்விக்கு இணையான பரீட்சையை இங்கேயே எழுதலாம்.

ஆனால் கராஜில் கெட்டிக்காரர் வகுப்பிலும் கெட்டிக்காரராக இருப்பாரா? இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. கைக்குப் பழகியது வாய்க்கு வராது. அனுபவமுள்ள வெல்டிங்காரர் வேலை சரியாகப் போகிறதா என்பதைச் சத்தத்திலேயே அறிந்துவிடுவார். எந்தச் சத்தம் என்று கேளுங்கள், "அது கேட்டால் விளங்கும்" என்பார். மென்பொருள் வல்லுநரும் இப்படித்தான். பத்து நிமிடத்தில் பத்துத் திரையைத் தாவிக் காட்டிவிட்டு "விளங்கினதா?" என்று கேட்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

எமது ஊர்ப் பட்டறைகளில் சொல்லிக்கொடுத்த முறை எல்லோருக்கும் தெரியும். பார்த்துப் பழகு, பிழைவிட்டால் ஏச்சு வாங்கு. பதினாலு வயதுப் பொடியனிடம் அதற்கு ஐந்து வருடம் இருந்தது. நாற்பத்தைந்து வயதில், பகல் வேலை முடித்து இரவு இரண்டு மணி நேரம் வகுப்புக்கு வரும் அம்மாவிடம் அந்தக் காலம் இல்லை. களைப்பும், ஆங்கிலம் பிழைத்துவிடுமோ என்ற பயமும், தன் பிள்ளை வயதுள்ளவர் முன்னால் கேள்வி கேட்கும் கூச்சமும் அவரோடு வகுப்புக்கு வருகின்றன. ஊரில் கணக்காளராகவோ ஆசிரியையாகவோ இருந்தவர் அவர், அந்த அறிவும் கூடவே வருகிறது. அவரை ஒன்றும் தெரியாதவராக நடத்தினால் சண்டைபிடிக்கமாட்டார். அடுத்த கிழமை வரமாட்டார், அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலுக்கு நூறு வருடத்துக்கு முன்னரே அமெரிக்கர்கள் ஒரு வழி கண்டார்கள். முதலாம் உலகப்போரில் கப்பல் கட்டும் தளங்களுக்கு அவசரமாக ஆட்கள் தேவைப்பட்டபோது, சார்ள்ஸ் அலன் என்பவர் அனுபவமுள்ள தொழிலாளரையே பயிற்றுநராக்கும் முறையொன்றை உருவாக்கினார். இரண்டாம் உலகப்போரில் அரசாங்கம் அதைச் சுருக்கி 10 மணி நேரப் பயிற்சியாக நாடெங்கும் போர்த் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோனது. பிளசன்டனிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய ரிச்மண்டின் கைசர் தளங்களில், அதுவரை கப்பலே கட்டியிராத ஆண்களும் பெண்களும் சேர்ந்து 747 கப்பல்களைக் கட்டிய காலம் அது.

அந்தப் பயிற்சி எளிமையானது. கற்பிக்க வருமுன் உங்கள் வேலையைப் படிபடியாகக் காகிதத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு படியிலும் எது பிழைத்தால் வேலை கெடும் என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். பிறகு கற்பவரைப் பயம் தெளியவைத்து, செய்து காட்டி, அவரைச் செய்யவைத்து, செய்யும்போதே ஏன் என்று அவர் வாயால் சொல்லவைத்து, பின்னர் தனியே விட்டு இடையிடையே பாருங்கள். பலரும் வழுக்குவது முதல் வேலையில்தான். தனக்குத் தெரிந்ததை எழுதத் தொடங்கியதும், எவ்வளவைச் சொல்லாமலே இவ்வளவு காலமும் சொல்லிக்கொடுத்தோம் என்பது தெரியவரும்.

ஜேர்மனியிலுள்ள எமது உறவுகளுக்கு இது புதிதல்ல. அங்கே தொழில் பழகுநரை வைத்திருக்கும் நிறுவனத்தில், பயிற்றுநர் தகுதிப் பரீட்சையில் சித்தியடைந்த ஒருவர் இருக்கவேண்டும். பயிற்சி இடங்களைக் கூட்டவேண்டும் என்று 2003இல் அந்த விதியை நிறுத்திவைத்தார்கள். பயிற்சியின் தரம் பற்றிய கவலை எழுந்து 2009இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். சுவிஸிலும் பழகுநரைப் பொறுப்பேற்பவர் 40 மணி நேரப் பாடநெறியாவது முடிக்கவேண்டும். கலிபோர்னியாவோ முதலில் வகுப்புக்குள் விடுகிறது, பயிற்சியைப் பிறகு முடிக்கச் சொல்கிறது. ஆள் கிடைப்பதற்கு இது நல்ல வழி. ஆனால் முதல் வருட மாணவர்கள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள். எனவே இந்த வழியில் போக நினைக்கும் எம்மவர்கள், விண்ணப்பம் போட முன்னரே ஒரு வளர்ந்தோர் வகுப்பில் அனுமதி கேட்டுச் சில வாரம் பின்வரிசையில் இருந்து பார்க்கவேண்டும் என்கிறோம்.

தாயகத்துக்கும் இதே கேள்வி உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியுடன் அமைந்த தொழிற்பயிற்சி நிறுவகம் 2016இல் திறக்கப்பட்டது. இயந்திரங்களுக்கு உதவ நாடுகள் முன்வருகின்றன. தொழிலும் தெரிந்து சொல்லிக்கொடுக்கவும் தெரிந்தவர்களை யார் தருவது? விடுமுறைக்குப் போய் இரண்டு நாள் செயலமர்வு நடத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது அதற்கு விடையாகாது. இங்கே முறையாகப் பயின்ற ஒருவர் அங்கேயுள்ள இரண்டு பயிற்றுநர்களுடன் ஒரு தவணை வேலை செய்தால் கட்டடத் திறப்பு விழாவைவிடப் பயன் அதிகம்.

பணத்தைப் பற்றியும் பேசவேண்டும். மாலை வகுப்புகள் பெரும்பாலும் மணிக் கணக்குச் சம்பளம்தான். பிளசன்டன் வீட்டு வாடகைக்கு அது காணாது. ஆகவே வேலையை விட்டுவிட்டுப் போங்கள் என்று நாம் சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு மாலை என்று தொடங்கலாம். விரிகுடாப் பகுதியில் 1998இலிருந்து தமிழ்ப் பள்ளி நடத்திவருபவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்களே. பழைய மாணவர் சங்கங்கள் மதில் கட்டச் சேர்க்கும் பணத்தில் கொஞ்சத்தை, இங்கே இருவர் மூவரின் பயிற்சிக் கட்டணத்துக்குக் கொடுத்தால் என்ன?

கடைசியாக ஒரு நடைமுறை விடயம். அனுபவத்தை வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்கமாட்டார்கள். எப்போது, எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று வேலை கொடுத்தவர் எழுதித் தரவேண்டும். கடையை விற்றுவிட்டுப் போன முதலாளியைத் தேடுவது கடினம், இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். காசாகச் சம்பளம் வாங்கிய வருடங்களுக்கு அப்படிக் கடிதம் கிடைப்பது அரிது. எம்மில் பலருக்கு அந்த வருடங்கள்தான் அதிகம். அவர்கள் இன்றிலிருந்து பதிவான வேலையில் 3,000 மணி நேரத்தை எண்ணத் தொடங்கவேண்டும்.