பழைய டிராக்டர் வாங்கலாமா?

ஊர்ல இருக்கிற அப்பாவோ சித்தப்பாவோ போன் பண்ணி, "ஒரு பழைய டிராக்டர் விலைக்கு வருது, கொஞ்சம் பணம் அனுப்புப்பா"ன்னு கேட்டா, பட்டணத்துல இருக்கிற நீங்க என்ன கேட்பீங்க? என்ன விலை, எந்த வருஷத்து மாடல்னுதான் கேட்பீங்க. அதை ரெண்டாவதா கேளுங்க. முதல்ல கேட்க வேண்டியது, மழை பெய்ஞ்ச மறுவாரம் அந்த வண்டி காட்டுக்குள்ள இறங்குமா என்பதுதான்.

உசிலம்பட்டி பக்கம் பாதிக்கு மேல மானாவாரி. 58 கிராமக் கால்வாய் இருக்கு, ஆனா வைகை அணை நல்லா ஏறுற வருஷந்தான் அதுல தண்ணி வரும். மத்தபடி வானத்தைப் பார்த்த பூமி. மழை பெய்ஞ்சதும் கரிசல் ரெண்டு நாள் காலைப் பிடிச்சு இழுக்கும், உள்ள இறங்க முடியாது. அப்புறம் மூணு நாலு நாள் பதம். அதையும் விட்டா மண் இறுகிப் போகும். செவக்காடு இன்னும் சீக்கிரம் காயும். அந்த நாலு நாள்ல ஊரே டிராக்டர் தேடும். வாடகை வண்டிக்காரர் பத்து ஏக்கர் வச்சிருக்கிறவர் காட்டை முடிச்சுட்டுத்தான் ரெண்டு ஏக்கர்காரன் பக்கம் திரும்புவார். அதை நான் குத்தமாச் சொல்லலை. டீசல் போட்டு வர்றவருக்கு அதுதான் கட்டும். வேளாண்மைப் பொறியியல் துறையிலயும் வாடகைக்கு வண்டி உண்டு, உழவன் செயலியிலயே பதியலாம். ஆனா எல்லாரும் ஒரே வாரத்துல கேட்டா அங்கயும் வரிசைதான்.

இப்ப கணக்கைப் பார்ப்போம். மூணு ஏக்கர் மானாவாரிக்கு வருஷத்துக்கு நாலு உழவு, ஏக்கருக்கு ஒரு மணி நேரம்னு வச்சா 12 மணி நேரம். மணிக்கு 1200 ரூபாய்னு போட்டாலும் 14,400 ரூபாய். பழைய வண்டி ரெண்டரை லட்சம்னா, நூத்துக்குப் பத்து வட்டியே வருஷம் 25,000. டீசல், இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் அதுக்கு மேல. ஆக, உழவுக் கூலியை மிச்சம் பிடிக்கிறதுக்காக மூணு ஏக்கர்காரன் டிராக்டர் வாங்கினா அது நட்டம்.

அப்படியும் ஆளுங்க வாங்குறாங்களே, ஏன்? அந்த நாலு நாளுக்காகத்தான். பதத்துல விழுந்த விதைக்கும் பதம் தப்பி விழுந்த விதைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வருஷச் சோறு. அந்த ஆசை நியாயமானதுதான். ஆனா அந்த நாலு நாளும் பட்டறையில நிக்கிற வண்டியை வாங்கிட்டா, வட்டியும் கட்டி வாடகை வண்டிக்கும் அலையணும்.

அதனால வண்டியைப் பார்க்கப் போறப்ப பெயின்ட்டைப் பார்க்காதீங்க. காலையில இன்ஜின் குளிர்ந்து கிடக்கிறப்ப போங்க. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருந்தா, இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லுங்க. ஸ்டார்ட் பண்ணிச் சூடான பிறகும் நீலப் புகை நிக்கலைன்னா, இன்ஜின் ஆயிலைக் குடிக்குதுன்னு அர்த்தம். ஆயில் குச்சியை உருவிப் பாருங்க. பால் கலந்த டீ மாதிரி இருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு, திரும்பி வந்துருங்க. கலப்பையை மாட்டித் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைங்க. கலப்பை மளமளன்னு இறங்குனா லிஃப்ட்ல வேலை இருக்கு.

வண்டி எங்க ஓடுச்சுன்னும் விசாரிக்கணும். சோழவந்தான் மாதிரி வயக்காட்டுல கேஜ் வீல் மாட்டித் தொளி அடிச்ச வண்டின்னா அச்சுப் பக்கம் சேத்துத் தண்ணி போயிருக்கும், சீல், பேரிங்கைப் பாருங்க. செங்கல் லோடு அடிச்ச வண்டின்னா கிளட்ச்சும் பிரேக்கும் தேய்ஞ்சிருக்கும்.

பேரும் முக்கியம். பழசானாலும் மேஸி 1035-க்கு எங்க பக்கம் மெக்கானிக்கும் இருக்கார், சாமானும் கிடைக்கும். எச்.எம்.டி. நல்ல வண்டிதான். ஆனா அதன் டிராக்டர் பிரிவை மூட 2016-லயே மத்திய அரசு முடிவெடுத்துருச்சு. ஒரு சாமானுக்காக நாலு ஊர் அலையுற நேரத்துல பதம் போயிரும்.

அடுத்து பேப்பர். ஆர்.சி. புக்ல உள்ள இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பரை வண்டியோட ஒத்துப் பாருங்க. கடன்ல எடுத்த வண்டின்னா பேங்க்காரங்க கிட்ட என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்காம முழுப் பணத்தையும் கொடுக்காதீங்க. பேர் மாத்த 29, 30-ம் நம்பர் படிவத்துல கையெழுத்து வாங்குங்க. "சொந்தக்காரன் வண்டி, அப்புறம் மாத்திக்கலாம்"னு விட்டா, நாளைக்கு ஒரு விபத்து நடந்தாக் கேஸ் பழைய ஓனர் வீட்டுக்குப் போகும், சொந்தமும் போகும்.

புது வண்டி விலையையும் கேட்டுப் பாருங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. அதுக்கு முன்னாடி இருந்த புது விலையை மனசுல வச்சுப் பழைய வண்டிக்கு விலை சொல்றவங்க கிட்ட, இதைச் சொல்லிப் பேரம் பேசலாம்.

என் முடிவு இதுதான். தனி ஆளுக்கு மூணு ஏக்கர்னா பணம் அனுப்பாதீங்க. பங்காளிங்க மூணு பேர் சேர்ந்து பத்து, பன்னிரண்டு ஏக்கர் தேறுதா, வீட்டுல ஓட்டத் தெரிஞ்ச ஆள் இருக்கா, அப்ப அனுப்புங்க. ஆனா மழை பெய்ஞ்சா யார் காடு முதல்லங்கிறதை, வண்டி வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே பேசி எழுதி வச்சுக்கச் சொல்லுங்க. ரிப்பேர் செலவுக்குக் கூடச் சண்டை வராது. அதுக்குத்தான் வரும்.