அச்சும் ஆய்வும்

வண்டி என்றதும் நம் கண்ணில் முதலில் படுவது சக்கரம். சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை உலகம் வாயாரப் புகழ்கிறது. அச்சைக் கண்டுபிடித்தவனை எவரும் நினைப்பதில்லை. ஆனால் அச்சு இல்லாத சக்கரம் உருண்டோடும் ஒரு வட்டம்தான். அதன்மேல் ஒரு படி நெல்லைக்கூட ஏற்ற முடியாது. அளவறியாமல் பாரம் ஏற்றுவதன் கேட்டைச் சொல்ல வந்த வள்ளுவரும், முறிவது சக்கரம் என்று சொல்லவில்லை. அச்சு என்றே சொன்னார். தாங்குவது எது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட பொருள், பந்தயத்தில் ஓடும் கோ-கார்ட் எனும் சிறு வண்டியின் பின்னச்சு. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சோதிப்பது என்பதைப் பற்றியே என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். "பெரம்பலூரிலும் அரியலூரிலும் சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் சுண்ணாம்புக்கல்லும் உண்டு, பந்தய வண்டி எங்கே இருக்கிறது?" என்று சில நண்பர்கள் சிரிக்கக்கூடும். பெரம்பலூரை அடுத்த நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் டயர்த் தொழிற்சாலை இருக்கிறது. இந்தியப் பந்தயத் தடங்களில் நெடுங்காலமாக அறிமுகமான பெயர் அது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கோவை செட்டிபாளையத்தில் 2003 ஆம் ஆண்டு முதல் கரி மோட்டார் ஸ்பீட்வே இயங்குகிறது. தாமே வடிவமைத்த வண்டிகளோடு அத்தடத்துக்குச் சென்று போட்டியிட்ட பொறியியல் மாணவர்களும் உண்டு. ஆகவே இது நமக்கு எட்டாத பொருள் அன்று. எட்டாதது என்று நாமே முடிவு கட்டிக்கொள்வதுதான் குறை.

முதலில் அச்சின் அடிப்படைச் சிக்கலைப் பார்ப்போம். வண்டி நேராகச் செல்லும்போது இரண்டு சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுகின்றன. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். இந்த ஒரே கேள்விக்கு நம் ஊர் வண்டிகள் வெவ்வேறு விடை தருகின்றன.

மாட்டு வண்டியில் இருசு அசையாமல் நிற்கிறது. குடத்துக்குள் அது நுழைந்திருக்க, சக்கரங்கள் தனித்தனியே சுழல்கின்றன. உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுழல எந்தத் தடையும் இல்லை. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரியில் எஞ்சின் பின்சக்கரங்களைத் தள்ள வேண்டியிருப்பதால், நடுவே டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பு இருந்து, இரு சக்கரங்களுக்கும் வேகத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. அரியலூர் ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் மூன்றாவது விடை தெரியும். ரயிலில் இரண்டு சக்கரங்களும் அச்சோடு இறுகப் பிணைந்தவை, சேர்ந்தே சுழலும். ஆனால் தண்டவாளத்தின் மேல் படும் பரப்பு கூம்புபோலச் சாய்வாகக் கடையப்பட்டிருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் தன் பெரிய சுற்றளவிலும் உட்சக்கரம் தன் சிறிய சுற்றளவிலும் ஓடிச் சரி செய்துகொள்கின்றன.

கோ-கார்ட்டின் நிலை இம்மூன்றையும்விட விசித்திரமானது. 1956 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல் வெட்டும் பொறியின் எஞ்சினைக் கொண்டு முதல் கார்ட்டை உருவாக்கினார். அந்த எளிமை இன்றும் மாறவில்லை. வில்பட்டை கிடையாது, சுருள்வில் கிடையாது, டிஃபரன்ஷியலும் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே எஃகுக் குழாயில் பூட்டப்பட்டு, ஒன்றாகவே சுழல்கின்றன. சக்கரங்களுக்கு இடையே, நடுவிலிருந்து நடுவுக்கு, 120 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி அரைவட்டம் திரும்பினால் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 3.77 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். வளைவு பெரிதாயினும் சிறிதாயினும் இந்தக் கணக்கு மாறாது. அச்சோ இருவரையும் ஒரே வேகத்தில் சுழற்றுகிறது. அப்படியானால் ஒரு டயர் தரையில் தேய்ந்தே ஆக வேண்டும். எஞ்சினின் சக்தி அதில் வீணாகும்.

இதற்குக் கார்ட் கண்ட வழி, உட்பக்கப் பின்சக்கரத்தைச் சற்றே தரையிலிருந்து தூக்கிவிடுவது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முன்பக்க அமைப்பின் சாய்வினால் உட்பக்க முன்சக்கரம் கீழே அழுந்துகிறது. குழாய்களால் ஆன சட்டம் முறுக்கிக்கொள்கிறது. உட்பக்கப் பின்சக்கரம் எழுகிறது. வளைவு முடிந்ததும் அது மீண்டும் தரையில் படிகிறது. எவ்வளவு எழும், எவ்வளவு நேரம் நிற்கும், எப்படி இறங்கும் என்பவற்றில் சட்டத்துக்கும் இருக்கைக்கும் பங்கு உண்டு. பின்னச்சின் விறைப்புக்கும் பங்கு உண்டு. சக்கரம் போதிய அளவு எழாவிட்டால் டயர் இழுபட்டு வேகம் குறையும். அளவுக்கு மீறி எழுந்து நின்றால் வெளிச்சக்கரம் ஒன்றே பாரம் முழுவதையும் சுமந்து சூடேறும். வில்பட்டை இல்லாத வண்டியில் அச்சே வில்பட்டையின் வேலையிலும் பங்கேற்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆகையால் கடைகளில் மெது, நடுத்தரம், கடினம் என்று பலவகை அச்சுகளை விற்கிறார்கள். தடத்தில் பிடிப்பு அதிகமானால் கடின அச்சு, பிடிப்பு குறைந்தால் மெது அச்சு என்பது பொதுவாகச் சொல்லப்படும் வழக்கு. ஆனால் வண்டியின் சட்டம், ஓட்டுபவரின் எடை, டயர், தரையின் சூடு இவை மாறினால் அதே அச்சைப் பற்றி இருவர் நேர்மாறான தீர்ப்புச் சொல்வதும் உண்டு. இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. வசதி படைத்தவர் ஐந்து அச்சுகளை வாங்கி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். உழவர் வீட்டிலிருந்தும் கூலித் தொழிலாளி வீட்டிலிருந்தும் வருகிற மாணவர் குழு என்ன செய்யும்? வெற்றி பெற்றவர் எதைப் போட்டிருந்தாரோ அதை வாங்கிவிடுகிறது. என் கருத்து இதுதான்: சோதனை என்பது பணம் உள்ளவரின் பொழுதுபோக்கு அன்று; பணம் இல்லாதவரின் காப்பு. ஒரே ஓர் அச்சைத்தான் வாங்க முடியும் என்றால், அளந்து வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

அளப்பதற்கு என்ன வேண்டும்? நம் இயற்பியல் ஆய்வகத்தில் இருப்பதே போதும். இளங்கலை வகுப்பில் சீரற்ற வளைவு முறையில் யங் குணகம் காணும் சோதனையைச் செய்யாதவர் எவரும் இல்லை. இரண்டு கத்திமுனைகளின்மேல் மரச்சட்டத்தை வைத்து, நடுவே எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கிறோம். மதிப்பெண்ணுக்காகச் செய்து மறந்துவிடுகிற அந்தச் சோதனைதான் பின்னச்சின் சோதனையும்.

கணக்கைப் பாருங்கள். குழாயின் விறைப்பு, வெளிவிட்டத்தின் நான்காம் அடுக்கிலிருந்து உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைக் கழித்தால் கிடைக்கும் எண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 40 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் சுவரும் உள்ள ஓர் எஃகு அச்சையும், 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் சுவரும் உள்ள மற்றோர் அச்சையும் எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளத்துக்கு முன்னது சுமார் 2.74 கிலோ எடை. பின்னது சுமார் 2.37 கிலோ. சுவர் மெல்லியது, எடையும் குறைவு. ஆயினும் பின்னதன் விறைப்பு 45 விழுக்காடு அதிகம்! அதே 50 மில்லிமீட்டர் குழாயின் சுவரை 2.5 மில்லிமீட்டர் ஆக்கினால் விறைப்பு மேலும் 21 விழுக்காடு கூடுகிறது. கனத்த பொருளே வலியது என்ற எண்ணம் இங்கே உடைகிறது. மூங்கில் ஏன் உள்ளீடற்றதாய் வளர்கிறது என்பதற்கும் இதுவே விடை.

இன்னொரு மயக்கத்தையும் இந்தச் சோதனை தீர்க்கும். எஃகைக் காய்ச்சித் துவைத்துக் கடினமாக்கினால், அது நிரந்தரமாக வளைந்துபோவதற்கு முன் அதிகப் பாரம் தாங்கும். ஆனால் அதன் யங் குணகம் ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல் என்ற அளவிலேயே நிற்கும். கடினம் வேறு, விறைப்பு வேறு. ஆகவே ஒரே விட்டமும் ஒரே சுவரும் உள்ள இரண்டு அச்சுகளில் ஒன்று 'மெது' என்றும் மற்றொன்று 'கடினம்' என்றும் விற்கப்பட்டால், விலையைக் கேட்குமுன் வெர்னியரை எடுத்துச் சுவரை அளக்க வேண்டும். 90 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு தாங்கிகளின்மேல் அச்சை வைத்து, நடுவே 50 கிலோ எடையைத் தொங்கவிட்டால், மேலே சொன்ன 50 மில்லிமீட்டர் அச்சு சுமார் 0.43 மில்லிமீட்டரும், 40 மில்லிமீட்டர் அச்சு சுமார் 0.62 மில்லிமீட்டரும் இறங்கும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் காட்டும் டயல் கேஜ் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடும். அதே டயல் கேஜின் முன் அச்சை மெல்லச் சுழற்றினால் அது நேராக இருக்கிறதா, முன்பே அடிபட்டு வளைந்ததா என்பதும் தெரியும். பழைய அச்சை வாங்குவோர் இதைச் செய்யாமல் பணத்தை எண்ணிக் கொடுக்கலாகாது.

மேசையில் தேறிய அச்சு தடத்திலும் தேற வேண்டும். அச்சை மாற்றுவதற்கு முன் செலவில்லாத மாற்றங்கள் பல உண்டு. டயரில் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். சக்கரம் பூட்டும் ஹப்பை உள்ளேயோ வெளியேயோ நகர்த்தலாம். அச்சை மூன்று பேரிங்குகள் தாங்கும் வண்டியில் மூன்றாவதைத் தளர்த்திவிட்டால் அச்சு சற்று அதிகமாக வளையும். காசு செலவின்றி மெது அச்சை நோக்கி ஓர் அடி வைத்தது போல ஆகும். இவற்றையெல்லாம் பார்த்த பின்னரே புதிய அச்சு.

அப்போதும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான். அச்சையும் மாற்றி, டயர்க் காற்றையும் மாற்றி, வண்டி வேகமாக ஓடியதென்றால் புகழ் யாருக்கு? அதே ஓட்டுநர், அதே எரிபொருள் அளவு, அதே டயர்கள். முதலில் பழைய அச்சோடு சில சுற்றுகள். பிறகு புதிய அச்சோடு அத்தனை சுற்றுகள். அதன் பின் மீண்டும் பழைய அச்சோடு அத்தனை சுற்றுகள். இந்த மூன்றாம் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சுற்றச் சுற்ற டயர் தேய்கிறது, தரை சூடேறுகிறது, ஓட்டுநரின் கையும் பழகுகிறது. பழைய அச்சுக்குத் திரும்பினாலும் அதே வேகம் நீடித்தால், மாறியது அச்சு அன்று, பொழுது என்று அறியலாம். ஒரு சுற்றுக்கு 60 வினாடி ஆகிறதென்றும், ஓட்டுநரின் சுற்றுகளே தமக்குள் 0.3 வினாடி வேறுபடுகின்றனவென்றும் வைத்துக்கொண்டால், ஒரே ஒரு சுற்றில் கிடைத்த 0.2 வினாடி முன்னேற்றம் எதையும் மெய்ப்பிக்காது. சராசரியைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தோற்ற அச்சைப் பற்றிய குறிப்பும் அடுத்த ஆண்டு வருகிற மாணவனுக்கு ஒரு சொத்து.

"கலைக் கல்லூரி மாணவனுக்கு இதெல்லாம் எதற்கு? இது பொறியியல் கல்லூரியின் வேலை அல்லவா?" என்று கேட்போருக்கு ஒன்று சொல்வேன். அச்சை வளைத்து அளப்பது இயற்பியல். சராசரி காண்பது புள்ளியியல். எஃகின் குணத்தை ஆராய்வது வேதியியல். எதை வாங்கினால் கட்டும் என்று பார்ப்பது வணிகவியல். இருசு, குடம், ஆரக்கால், கடையாணி என்று நம் தச்சரும் கொல்லரும் ஆண்ட சொற்களை அழியாமல் தொகுப்பது தமிழ்த் துறையின் கடன். ஒரு துண்டு இரும்புக் குழாயைச் சுற்றி ஒரு கல்லூரியே கூடலாம்.

ஆகவே நான் வேண்டுவது பெரிய நிதியும் பந்தயத் தடமும் அல்ல. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கிற குழாய்த் துண்டுகளும் உருட்டுக் கம்பிகளும் சில நம் ஆய்வகத்துக்கு வரட்டும். மரச்சட்டத்தோடு அவற்றையும் கத்திமுனையில் ஏற்றுவோம். 25 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பி ஒரு மீட்டருக்கு சுமார் 3.85 கிலோ எடை இருந்தும், 2.37 கிலோ எடையுள்ள 50 மில்லிமீட்டர் குழாயின் விறைப்பில் நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டாததை ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தம் கண்ணால் காணட்டும். அப்படிக் கண்டவர்கள் நாளை ஒரு கார்ட்டின் அச்சை மட்டுமல்ல, டிராக்டரின் உதிரிப் பாகத்தையும், கிணற்று மோட்டாரின் தண்டையும், கடைக்காரர் சொல்லும் பெயருக்காக வாங்கமாட்டார்கள். அளந்து பார்த்தே வாங்குவார்கள்.