ஒரே ஆட்டமா?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில் 11 ஆண்களும் 11 பெண்களும் மூளையைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்தபடி ஒரு சின்ன வீடியோ கேம் ஆடினார்கள். திரையில் ஒரு சுவர். அதை நோக்கிப் பந்துகள் நகர்ந்து வரும். பந்தைச் சொடுக்கினால் மறைந்துவிடும். சுவரை ஒட்டிய பகுதியில் பந்து இல்லாமல் பார்த்துக்கொண்டால் சுவர் நகர்ந்து ஆடுபவரின் இடம் விரியும், பந்து சுவரில் மோதினால் சுருங்கும். இடம் பிடிப்பதுதான் குறி என்று யாருக்கும் சொல்லவில்லை. முடிந்தவரை பந்துகளைச் சொடுக்குங்கள் என்றதோடு சரி. இரு பாலரும் சொடுக்கிய பந்துகள் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் ஆண்கள் கூடுதல் இடம் பிடித்தார்கள், வெகுமதி உணர்வோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளும் அவர்களிடம் கூடுதலாக இயங்கின. மண்ணைப் பிடிக்கும் வேட்கை ஆணின் பிறவிக் குணம், வீடியோ கேம் தரும் கிளர்ச்சி பெண்ணுக்கு அவ்வளவாக எட்டாது என்ற பேச்சுக்கு இந்த ஆய்வு இன்றும் சான்றாகக் காட்டப்படுகிறது. அந்த முடிவை நாம் ஏற்கவில்லை. ஆய்வு பொய் என்பதல்ல நம் வாதம். 22 பேர், ஒரேயொரு ஆட்டம் என்ற அளவைத் தாண்டி அதைப் பேசவைப்பதுதான் பிழை.

அந்தக் கருவிக்குள் படுத்தவர்கள் வளர்ந்த மனிதர்கள். அவர்களுடைய மூளை பிறந்தபோது இருந்தபடியே அங்கே வந்து சேரவில்லை. சிறு வயதில் கையில் எந்த விளையாட்டுப் பொருள் கொடுக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் ஆட விட்டார்கள் என்பதையெல்லாம் சுமந்துகொண்டு வந்தது. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் ஃபெங், ஸ்பென்ஸ், பிராட் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். ஆட்டப் பழக்கமில்லாத இளைஞர்களை அவர்கள் 10 மணி நேரம் ஒரு துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் பழக்கினார்கள். பரப்பைக் கவனிப்பதிலும் உருவங்களை மனத்தில் சுழற்றிப் பார்ப்பதிலும் பெண்கள் ஆண்களைவிட அதிகமாக முன்னேறினார்கள். முன்னிருந்த இடைவெளி வெகுவாகக் குறைந்தது. இது திறமையைப் பற்றியது, உணர்ச்சியைப் பற்றியதல்ல என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் ஆட்டத்தில் உணர்ச்சி திறமையின் தோளில் ஏறித்தான் வருகிறது. கை பழகாதவருக்கு அதே களத்தில் கிடைப்பது எரிச்சலும் சலிப்பும்தான். பழகியவருக்குத்தான் அடுத்த கணத்தை முன்கூட்டியே பிடித்துவிட்ட பரவசம். பழக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் பரவசத்தை அளந்துவிட்டு, அதைப் பாலினத்தின் பெயரில் எழுதிவைக்க முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒரே ஆட்டத்தை ஆணும் பெண்ணும் ஆடும்போது இருவருக்கும் அது ஒரே ஆட்டமாக இருப்பதே இல்லை. குஸ்னெகாஃப், ரோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ‘ஹேலோ 3’ ஆட்டத்தில் இணையம் வழியாகச் சேர்ந்து, முன்பே பதிவு செய்த குரலை மைக்கில் ஒலிக்கவிட்டார்கள். யாரையும் சீண்டாத சாதாரண வாக்கியங்கள். சில ஆட்டங்களில் அவற்றை ஆண் குரல் பேசியது, சிலவற்றில் பெண் குரல், சிலவற்றில் குரலே இல்லை. பெண் குரலுக்குக் கிடைத்த வசவு, ஆண் குரலுக்கோ மௌனத்துக்கோ கிடைத்ததைப் போல் மூன்று மடங்கு. குஸ்னெகாஃபும் கசுமோவிச்சும் 2015இல் அந்தப் பதிவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, பெண்ணிடம் அதிகம் சீறியவர்கள் மோசமாக ஆடிய ஆண்கள் என்று தெரிந்தது. நன்றாக ஆடியவர்கள் அவ்வளவு சீறவில்லை. இப்படியொரு களத்தில் பெண்ணின் மனம் எதிரியின் துப்பாக்கியை மட்டும் கவனித்தால் போதாது. வாயைத் திறக்கலாமா என்பதையும் ஒவ்வொரு நொடியும் எடைபோட வேண்டும். அவள் கொள்ளும் பதற்றத்தை ‘ஆட்டத்துக்குப் பெண்ணின் எதிர்வினை’ என்று எப்படிப் பதிவு செய்வது?

யாரும் கட்டாயப்படுத்தாத இடத்திலும் தேர்வு வேறுபடுகிறதே என்பது அடுத்த மறுப்பு. வேறுபடுவது உண்மை. குவான்டிக் ஃபவுண்ட்ரி நிறுவனம் 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரே நிற மணிகளை வரிசையாகச் சேர்க்கும் வகை ஆட்டங்களை விரும்புவோரில் 69 விழுக்காடு பெண்கள்; ஆடுபவரின் கண் வழியே சுடும் ஆட்டங்களில் 7 விழுக்காடுதான். ஆனால் அதே கணக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பாத்திரமேற்று ஆடும் மேற்கத்திய ஆட்டங்களில் பெண்கள் சராசரி 26 விழுக்காடு, அதே வகையைச் சேர்ந்த ‘டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்’ ஆட்டத்தில் மட்டும் 48. அதில் வாளும் ரத்தமும் குறைவில்லை. நாயகியாக ஆடலாம், உடன் வருபவர்களோடு பேசிப் பழகலாம், பகைக்கலாம், காதலிக்கலாம். தங்களுக்கு இடம் வைத்த ஆட்டத்துக்குப் பெண்கள் வந்திருக்கிறார்கள் என்றே இதை வாசிக்கிறோம். போட்டி மீதான நாட்டத்தில் ஆண் பெண் இடைவெளியைவிட இளையவருக்கும் மூத்தவருக்குமான இடைவெளி பெரிது என்றும் அதே நிறுவனத்தின் தரவு சொல்கிறது. ஆனாலும் வயதை வைத்து யாரும் பிறவிக் குணம் பேசுவதில்லை.

பெண்கள்தான் அதிகம் உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்ற பழைய நம்பிக்கையும் ஆட்ட உலகில் அப்படியே தொடர்கிறது. கிரிங், கார்டன் என்ற உளவியலாளர்கள் 1998இல் திரைப்படக் காட்சிகளைக் காட்டிச் செய்த ஆய்வில் பெண்கள் முகத்தில் அதிகம் வெளிக்காட்டினார்கள். உள்ளே உணர்ந்ததாக அவர்களே சொன்ன அளவிலோ ஆண்களுக்கும் பெண்களுக்கும் வித்தியாசம் இல்லை. எதை உணர்ச்சி என்று கணக்கில் சேர்க்கிறோம் என்பதில்தான் கோளாறு. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ 2020இல் வந்தபோது, முதல் பாகத்தில் ரசிகர்கள் நேசித்த ஜோயல் என்ற பாத்திரத்தைக் கொல்லும் ஆபி என்ற பெண்ணாகவே ஆட்டத்தின் ஏறக்குறைய பாதியை ஆட வேண்டியிருந்தது. அதைப் பொறுக்காதவர்கள் ஆபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் அனுப்பினார்கள். ஒரு கதைப் பாத்திரத்தின் சாவைத் தாங்க முடியாத துக்கம் இதைவிடப் பச்சையாக வெளிப்பட முடியாது. ஆனால் ஆட்டங்கள் தரும் உணர்ச்சி என்று பேச்செடுத்தால் கண்ணீரைக் கணக்கெடுக்கிறோம், கோபத்தை ரசிகரின் கருத்து என்று தள்ளிவிடுகிறோம். ஆண் பெண் வேறுபாட்டை அளக்கப் புறப்படும் ஆய்வாளர் முதலில் ஒரே அளவு பழகியவர்களைச் சேர்க்கட்டும், மைக்கை அணைத்தும் திறந்தும் தனித்தனியே பார்க்கட்டும், சீற்றத்தையும் அழுகையையும் ஒரே பட்டியலில் எழுதட்டும். அதற்குப் பிறகும் வேறுபாடு மிஞ்சினால் அதைப் பற்றி எழுத இந்தப் பக்கங்களில் இடம் உண்டு.