புள்ளடி போட முடியாத கூடு

சென்ற ஆடியில், கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு வீட்டு விறாந்தையில் இருந்தோம். பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படிக்கும் பிள்ளை ஒருத்தி தன் ஆய்வுக்கான வினாக்கொத்தை நிரப்ப வந்திருந்தாள். ஊர் புதிது என்பதால் துணைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள். போருக்குப் பின் குடும்பத்தைத் தாங்கும் பெண்களின் உளநலமும் அவர்கள் மீதான சமூகத்தின் பார்வையும் என்பது அவளுடைய தலைப்பு. வீட்டுக்கார அம்மா பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்துவிட்டு வாசற்படியில் அமர்ந்தார். வயது, படிப்பு எல்லாம் விரைவாக முடிந்தன. மூன்றாவது கேள்வி விவாக நிலை. மணமாகாதவர், மணமானவர், விதவை, விவாகரத்துப் பெற்றவர். உரிய கூட்டில் புள்ளடி இடுக.

“அன்ரி, இதிலை எது?”

“நீயே பாத்துப் போடு பிள்ளை. வட்டுவாகலிலை வைச்சு என்ரை கையாலை ஒப்படைச்சனான். பிறகு காணேல்லை. அதுக்கொரு கூடு கிடக்கோ?”

கிடக்கவில்லை. போரின் முடிவில் வட்டுவாகலில் படையினரிடம் கணவரை ஒப்படைத்தவருக்கென்று ஒரு கூடும் அந்தத் தாளில் இல்லை. பிள்ளை என்னைப் பார்த்தாள். எனக்கும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். கடந்த வாரத்தில் நித்திரை எப்படி, பசி எப்படி என்று கேட்டுக்கொண்டு போனவள், எதிர்காலத்தில் நம்பிக்கை இழந்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு வந்தாள். சிறிதும் இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிக அதிகம் என்று நாலு பதில்கள். அந்த அம்மா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். “நம்பிக்கை இல்லாட்டி இதை ஏன் பிள்ளை இன்னும் வைச்சிருக்கிறன்?”

‘சிறிதும் இல்லை’ என்ற இடத்தில் புள்ளடி விழுந்தது. கணக்குப்படி அந்தக் கேள்வியில் அவர் சுகமாக இருக்கிறார். பதினைந்து வருடமாக அவரை நித்திரைகொள்ள விடாமல் வைத்திருப்பதே அந்த நம்பிக்கைதான் என்பதை எழுத அந்தத் தாளில் இடம் இருக்கவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் அந்தப் பிள்ளை சொன்ன ஒரு விடயம் எனக்குள் இன்னும் கிடக்கிறது. பதில்களைக் கணினியில் ஏற்றும்போது விடுபட்ட கேள்விக்கு 99 என்று போட வேண்டுமாம். 99 என்றால் பதில் கிடைக்கவில்லை என்று பொருள். அந்த அம்மா அரை மணித்தியாலம் பதில் சொன்னார். எங்களிடம் அதை வாங்கப் பாத்திரம் இருக்கவில்லை.

எங்கள் பல்கலைக்கழகங்களில் உளநலம் பற்றிய ஆய்வுகள் பெருகியிருக்கின்றன. உளவியல், சமூகவியல், சமூக மருத்துவம் என்று பல துறைகளின் மாணவர்கள் வருடாவருடம் வன்னிக்கும் தீவகத்துக்கும் மலையகத்துக்கும் வினாக்கொத்தோடு போகிறார்கள். இதை நாம் மனதார வரவேற்கிறோம். மனநோய் என்றாலே அங்கொடை ஆஸ்பத்திரி என்று சொல்லிச் சிரித்த சமூகத்தில், ஒரு மாணவி வீடு தேடிச் சென்று “உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்பது பெரிய மாற்றம். அதனால்தான் அவள் கையில் இருக்கும் தாளைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது.

அந்தத் தாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்ற பெயர் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் 1980இல் ஏறியது. வியட்நாமில் சண்டையிட்டுத் திரும்பிய படையினரின் துன்பமும் அவர்களுக்காக நடந்த வாதாட்டமும் அதற்கு முக்கிய காரணங்கள். பின்னர் 1980களிலும் 90களின் தொடக்கத்திலும், இந்தோசீனாவிலிருந்து அமெரிக்கா சென்ற அகதிகளுக்காக ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் அளவுகோல்களை உருவாக்கினார்கள், பழையவற்றைத் திருத்தியும் எடுத்தார்கள். அவைதான் உலகின் போர்நிலங்களுக்கெல்லாம் பயணப்பட்டு எங்களிடமும் வந்தன. 2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் இவற்றைக் கொண்டு நடந்த கணக்கெடுப்பு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. மனவடு நோய் 7 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம், பதகளிப்பு 32.6 வீதம். இந்த எண்கள் பயனற்றவை என்று நாம் சொல்லவரவில்லை. மருந்துக்கும் மருத்துவருக்கும் தாதியருக்கும் பணம் கேட்டு வாதாட எண்கள் வேண்டும். ஆனால் மூன்றில் ஒருவருக்குப் பதகளிப்பு என்று அறிந்த பிறகு, எதை நினைத்துப் பதகளிக்கிறார் என்ற கேள்வி வர வேண்டும். அதற்கு இந்த அளவுகோல்கள் பதில் தரா.

அதே வியட்நாம் போரிலிருந்து இன்னோர் ஆய்வும் பிறந்தது. 1970களில் போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை ஆராய்ந்தார். ஆள் உடலால் இல்லை, மனதில் இருக்கிறார். செத்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று இருக்கவும் முடியாது. இந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். இது அந்தப் பெண்களுக்குள் உண்டான நோயல்ல, அவர்கள் வெளியிலிருந்து தள்ளப்பட்ட நிலை என்பது அவர் கருத்து. தாங்கள் மனைவியா கைம்பெண்ணா என்று தெரியாமல் அவர்கள் தடுமாறுவதற்கும் அதுவே காரணம்.

ஒரே போரிலிருந்து வந்த இரண்டு சிந்தனைகள். ஒன்று திரும்பி வந்தவர்களைப் பற்றியது, மற்றது திரும்பாதவர்களைப் பற்றியது. மாணவர் வினாக்கொத்துகளில் நாம் பார்க்கக் கிடைத்தவை பெரும்பாலும் முதலாவதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இத்தனைக்கும் இலங்கையில் 1990 முதல் 16,000க்கும் மேற்பட்டோர் காணாமற்போனதாகச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் பதிவு இருக்கிறது. 2016இல் அந்தக் குழு வெளியிட்ட அறிக்கை நிச்சயமின்மையோடு வாழும் குடும்பங்களைப் பற்றியே பேசுகிறது. அதே 2016இல் இலங்கைச் சட்டமும் மாறி, மரணச் சான்றிதழ் கேட்க மனம் வராதவர்கள் ஆள் காணப்படவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் பெறலாம் என்றானது. சட்டத்தில் ஐந்தாவது கூடு திறந்து எட்டு வருடம் கழித்தும் அந்த விறாந்தையில் நாலு கூடுதான் இருந்தது.

இங்கே இருந்துகொண்டே வேறு விதமாக ஆராய்ந்தவர்களும் எங்களுக்கு இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரின் உள்ளே இருந்து நோயாளரைப் பார்த்தபடியே எழுதியவர். ஈழத் தமிழர் மீது போர் ஏற்படுத்திய உளத்தாக்கம் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1998இல் வந்தது. தனிமனித நோய்க்கணக்கு போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன என்று சொல்லி, கூட்டு மனவடு என்ற எண்ணக்கருவை 2007இல் விரிவாக முன்வைத்தார். அயலவரை நம்பாமை, வாய்திறவாமை, எதற்கும் பிறர் கையைப் பார்த்திருத்தல் ஆகியவற்றையும் அவர் காயங்களாகவே பார்த்தார். ‘முறிந்த பனை’ என்ற நூலை அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம அதே பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர், 1989 செப்ரெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். பல்கலைக்கழக ஆய்வுக்கும் ஊருக்கும் இடையில் மதில் இருக்கக்கூடாது என்று நாம் சொல்லும்போது இவர்களை நினைத்தே சொல்கிறோம்.

திரும்பவும் அந்த விறாந்தைக்கு வருகிறேன். அந்த அம்மாவுக்குப் பதினாறு வயதில் ஒரு மகன். வினாக்கொத்து பதினெட்டுக்கு மேற்பட்டோருக்கானது என்பதால் அவனை ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் எழும்பும்போது அவனாகத்தான் வந்து சொன்னான். அடுத்த கிழமை ஆடி அமாவாசை. அவனுடைய கூட்டாளிமார் இருவர் தகப்பன் இல்லாதவர்கள், கீரிமலைக்குப் போகிறார்கள். அவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பம்மா விடமாட்டேன் என்கிறா. “அப்பன் இருக்கேக்கை ஆரும் விரதம் பிடிக்கிறதோ?” என்பது அவவின் கேள்வி. அந்த வீட்டில் ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் வாங்குவதில்லை. அக்கம்பக்கத்தில் சமைக்கும் வாசம் மட்டும் வரும். பள்ளிக்கூடத்தில் தகப்பனை இழந்த பிள்ளைகளின் பெயர் எடுக்கும்போது எழும்பி நிற்பதா இருப்பதா என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

தாய்க்கு நடப்பதும் அதுவே. சாமத்திய வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் சொல்லுவார்கள், சமையலுக்கு முதல் ஆளாகக் கூப்பிடுவார்கள். ஆராத்தி எடுக்க மட்டும் கூப்பிடமாட்டார்கள். ஆனால் பொட்டில்லாமல் ஒருநாள் கடைக்குப் போனால், “என்ன, ஏதும் தகவல் வந்ததோ?” என்று கேட்க ஆள் இருக்கும். பொட்டு வைத்தாலும் கதை, வைக்காவிட்டாலும் கதை. சமூகத்தின் தாக்கம் என்று ஆய்வுத் தலைப்புகளில் எழுதுகிறோமே, அது இந்த ஆராத்தித் தட்டில் இருக்கிறது. நித்திரையையும் பசியையும் பற்றி இருபத்தைந்து கேள்வி கேட்ட தாளில், ஊர் உங்களை எப்படி நடத்துகிறது என்று இரண்டு கேள்விதான் இருந்தன.

மொழியையும் சொல்ல வேண்டும். எங்கள் சனம் மனச்சோர்வு என்று சொல்வதில்லை. நெஞ்சு அடைக்குது, தலைக்குள்ளை விறைக்குது, மனம் அந்தரிக்குது, ஒரே யோசினை என்பார்கள். ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விடுவார்கள். இப்படிச் சனத்தின் வாயிலிருந்து தொடங்கி அளவுகோல் செய்ய முடியும். காயத்ரி பெர்னாண்டோ என்ற ஆய்வாளர் இலங்கை மக்களின் கதைகளைக் கேட்டு, அவற்றிலிருந்தே ஓர் அளவுகோலை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். வழி தெரிந்திருக்கிறது. அதில் மாணவர்களை இறக்க ஆசிரியர்களுக்கு நேரமும் துறைகளுக்குப் பணமும் வேண்டும். ஆறு மாதத்தில் ஆய்வேடு முடிய வேண்டும் என்றால் ஆயத்தமாகக் கிடைக்கும் தாளைத்தான் மொழிபெயர்ப்பார்கள். இதற்கு மாணவர்களைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

அந்தப் பிள்ளை பஸ்ஸில் அழுதாள். அவளுடைய சித்தப்பா ஒருவரும் அதே வட்டுவாகலில்தான். பதில் சொல்பவருக்கு மனம் நொந்தால் உளவளத்துணைக்கு அனுப்ப வேண்டும் என்று அனுமதிப் பத்திரத்தில் இருக்கிறது. கேட்பவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்த மண்ணில் இதை ஆராயும் பிள்ளைகள் எங்களுடைய பிள்ளைகள்தான், அவர்கள் வீட்டிலும் இந்தக் கதைகள் இருக்கின்றன. களத்துக்குப் போய்வரும் ஒவ்வொரு மாணவரோடும் மேற்பார்வை ஆசிரியர் ஒரு மணிநேரமாவது இருந்து பேச வேண்டும். இது செலவில்லாத காரியம்.

செலவில்லாத இன்னொரு காரியமும் உண்டு. “இதோடை ஆறாவது ஆள் வந்து எழுதிக்கொண்டு போறியள். ஒருத்தரும் திரும்பி வந்து என்ன கண்டனாங்கள் எண்டு சொல்லேல்லை” என்று அந்த அம்மா சொன்னார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். ஆய்வேடு நூலகத் தட்டுக்குப் போகும், நல்ல ஆய்வென்றால் ஆங்கிலச் சஞ்சிகைக்குப் போகும். சொன்னவர் வாசலுக்குப் போகாது. உளநலம் பற்றிய ஆய்வேடு ஒவ்வொன்றோடும், பதில் சொன்னவர்கள் வாசிக்கக்கூடிய தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் வேண்டும், அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி இருந்தால்தான் புள்ளி என்று துறைகள் விதியாக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பங்குக்கு, இந்த இதழிலிருந்து ஆறு பக்கங்களை இதற்கென்று ஒதுக்குகிறோம். மாணவர்கள் தங்கள் சுருக்கங்களை அனுப்பலாம். இடங்களும் அடையாளங்களும் நீக்கப்பட்டிருக்க வேண்டும், சொன்னவர்களின் சம்மதம் இருக்க வேண்டும். மொழியைச் செப்பனிட நாங்கள் உதவுவோம். தனியே அச்சிட்ட பிரதிகளை மாணவரே ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், அச்சுச் செலவு எங்களுடையது.

முதலாவது சுருக்கம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை மூன்றாவது கேள்வியில் இருந்த நாலு கூடுகளையும் எடுத்துவிட்டு, ‘உங்கள் கணவர் பற்றிச் சொல்ல விரும்புவதைச் சொல்லுங்கள்’ என்று எழுதி, வெறும் வரிகள் விட்டு, எல்லா வீட்டுக்கும் இன்னொருதரம் போனாள். ஆய்வேடு இரண்டு மாதம் பிந்தியது. தை பிறந்ததும் இரண்டு பக்கத் தமிழ்ப் பிரதியோடு அந்த வீட்டுக்குப் போனோம். மகன்தான் விறாந்தையில் இருந்து எல்லோருக்கும் கேட்க வாசித்தான். காணாமலாக்கப்பட்டோரின் பிள்ளைகள் பலர் ஆடி அமாவாசை வரும்போது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள் என்ற இடத்தில் குரல் கம்மி நிறுத்தினான். உள்ளே கட்டிலில் படுத்திருந்த அப்பம்மா, அந்த இடத்தை இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னா.

அவர்கள் சம்மதத்தோடு அந்த இரண்டு பக்கங்களும் இந்த இதழின் 31ஆம் பக்கத்தில் தொடங்குகின்றன.

ஆசிரியர்